இடிப்பதற்கும் பிரிப்பதற்கும் நடுவே ஐந்தே முக்கால் மணி நேரம்

போன செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது ஐம்பதுக்கு எங்கள் தெருமுனை மீன் ஷெட்டுக்கு முன்னால் ஒரு ஜேசிபி வந்து நின்றது.

ஒன்பது ஐம்பது என்று எப்படி அடித்துச் சொல்கிறேன்? டைரியில் இருக்கிறது. இந்தப் பத்தியை விடாமல் படிப்பவர்களுக்கு என் வியாதி தெரியும். தெருக்குழாய் உடைந்தால் நேரம் குறிப்பேன். சரி செய்தால் அதையும் குறிப்பேன். முதல் வகைக் குறிப்புகள் நிறைய இருக்கின்றன. இரண்டாவது வகை... தேட வேண்டும்.

ஜேசிபிக்குப் பின்னாலேயே ஒரு ஜீப். சாலை வேலையைக் கவனிக்கும் உதவிப் பொறியாளர் அதிலிருந்து இறங்கினார். கையில் ஒரு கோப்பு. கோப்பின் மேலே ஒரு கடிதம். ஆறடி தூரத்திலிருந்தே எனக்கு அடையாளம் தெரிந்துவிட்டது — நீல மசி, இடது பக்கம் ஒன்றரை அங்குல மார்ஜின், ஆங்கில 'டி' எழுத்துக்கு நீளமான குறுக்குக்கோடு.

என் கையெழுத்து.

அந்த ஷெட்டை இடிக்கச் சொல்லி எழுதிக் கொடுத்தவன் நான்தான். அது எனக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது.

வடசென்னையில் எர்ணாவூர்ப் பக்கம் வந்திருப்பவர்கள் அந்த ஷெட்டைப் பார்த்திருக்கலாம். பஸ் நிறுத்தத்தை ஒட்டி, முப்பதடி நீளம், பன்னிரண்டடி அகலம். ஆறு இரும்புத் தூண்கள். மேலே கூரையைத் தாங்க முக்கோண வடிவில் மூன்று ட்ரஸ். அவற்றை இணைக்கும் குறுக்குச் சட்டங்கள். அதற்கு மேல் தகரம். கீழே சிமென்ட் மேடை. விடியற்காலையில் காசிமேட்டில் ஏலம் எடுத்து, ஆட்டோவில் கூடைகளோடு வந்து இறங்கும் பதினோரு பெண்கள் அந்த நிழலில்தான் மீன் விற்கிறார்கள்.

மீன்காரருக்கு நிழல் வெறும் வசதி இல்லை. வெயிலில் வைத்த சங்கராவுக்குப் பத்து மணிக்கே கண் வெளுத்துவிடும். கண் வெளுத்த மீனை யார் வாங்குவார்கள்? நான் வாங்க மாட்டேன். நீங்களும் வாங்க மாட்டீர்கள்.

மூன்று மாதங்களுக்கு முன்னால் சாலையை அகலப்படுத்தப் போவதாக நோட்டீஸ் வந்தது. ஷெட் இருக்கும் இடத்தில் மழைநீர்க் கால்வாய் வரும். எதிர்ப்பக்கம், இருநூறு அடி தள்ளி, ஒரு காலி இடம் தருகிறோம். ஆனால் இடம் மட்டும்தான், ஷெட் உங்கள் பாடு. சம்மதம் எழுதிக் கொடுங்கள் — இதுதான் அலுவலகத்தில் சொன்னது.

ஒரு வியாழக்கிழமை மாலை நான்கு பெண்கள் என் வீட்டு வாசலுக்கு வந்தார்கள். முன்னால் தேசம்மா. பதினோரு பேருக்கும் அவர்தான் தலைவி. யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. குரல் தேர்ந்தெடுத்தது.

"சார், அந்த எடத்த குடுத்தா, நாங்க இந்த ஷெட்ட பிரிச்சி அங்க எடுத்துக்கினு போயி போட்டுக்கறோம். இத்த எழுதிக் குடு சார்."

அவர் சொன்ன சொற்கள் இவைதான். டைரியில் அப்படியே இருக்கின்றன. சந்தேகத்துக்கு இடமே இல்லை.

தமிழில் எழுதினால் போதும் என்று அலுவலகத்தில் சொல்லியிருந்தார்களாம். நான்தான் கேட்கவில்லை. "இங்கிலீஷில் இருந்தால் கோப்பு வேகமாக நகரும்" என்றேன். இதற்கு என்ன ஆதாரம் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் மாட்டியிருப்பேன்.

உள்ளேயிருந்து என் மனைவி சரோஜா, "அவங்க சொன்னதை அப்படியே எழுதிக் குடுங்களேன்" என்றாள். அப்படியே எழுதுவதற்கு நான் எதற்கு?

முதல் வரைவில் 'ரிமூவ்' என்று எழுதினேன். படித்துப் பார்த்தேன். சப்பென்று இருந்தது. குப்பையைக்கூட ரிமூவ் செய்கிறார்கள். இரண்டாவது வரைவில் 'டேக் டவுன்'. அது காலண்டரைச் சுவரிலிருந்து கழற்றுவது போல இருந்தது. மூன்றாவது வரைவில்தான் அந்தச் சொல் வந்து உட்கார்ந்தது — 'டெமாலிஷ்'. எவ்வளவு கனம்! எவ்வளவு மிடுக்கு! தற்போதுள்ள ஷெட்டை டெமாலிஷ் செய்வதில் எங்களுக்கு யாதொரு ஆட்சேபணையும் இல்லை...

மூன்று வரைவுகளும் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. ஆவணங்களைச் சேர்த்துவைப்பவனுக்கு எதிரான சாட்சியும் அவனிடமேதான் இருக்கும்.

உரக்க வாசித்துக் காட்டினேன். தேசம்மா தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். "ஷோக்கா கீது சார்" என்றார். மறுநாள் பதினோரு பேரும் கையெழுத்துப் போட்டார்கள்.

இனி, செவ்வாய்க்கிழமைக்கு வருவோம்.

"இங்க யாரும்மா பொறுப்பு?" என்று பொறியாளர் கேட்டார்.

தேசம்மா கையிலிருந்த வஞ்சிரத்தை வைத்துவிட்டு எழுந்தார். "நான்தான். இன்னா சார், எடம் குடுத்துட்டீங்களா?"

"குடுத்தாச்சு. ஆர்டர் வந்துடுச்சு. கூடையெல்லாம் ஓரமா எடுத்து வெச்சுக்குங்க. கால் மணி நேரத்துல இடிச்சுடுவோம்."

"இன்னாத்த இடிக்கறது?"

"ஷெட்டைத்தான்."

"இத்த இடிச்சிட்டா அங்க எத்த சார் போடுறது? பிரிச்சி எடுத்துக்கினு போறோம்னுதான சொன்னோம்?"

"நீங்க எழுதிக் குடுத்ததுல அப்படி இல்லையேம்மா. டெமாலிஷ்னு இருக்கு. இடிச்ச சாமானை கான்ட்ராக்டர் அள்ளிட்டுப் போயிடுவார். ஆர்டர்லயும் அதான் போட்டிருக்கு."

தேசம்மா அந்தக் கடிதத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். மீதிப் பத்துப் பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் கையில் பையோடு நின்றிருந்தேன். நெத்திலி வாங்க வந்தவன்.

"இன்னா சார் எழுதிக் குடுத்த?"

'ஏதோ ஆபீஸ் குழப்பம்' என்று சொல்லியிருக்கலாம். சொல்ல வாயும் எடுத்தேன். ஆனால் கடிதம் பொறியாளர் கையில் இருக்கிறது. அதைவிட, அவர்கள் சொன்னது என் டைரியில் இருக்கிறது.

"தப்பு என்னோடதுதான் தேசம்மா. நீங்க பிரிக்கறதுன்னு சொன்னீங்க. நான் இடிக்கறதுன்னு எழுதிட்டேன்."

"ஏன்?"

கனமாக இருக்கும் என்று நினைத்தேன் — இதை எப்படிச் சொல்வது?

"உன் இங்கிலீசுக்கு எங்க ஷெட்டுதான் கெடைச்சுதா?" என்றது ஒரு குரல்.

"படிச்சவருன்னு இவராண்ட போனோம் பாரு" என்றது இன்னொரு குரல். "எதிர்ல டீக்கடைக்காரராண்ட போயிருந்தா கரெக்ட்டா எழுதியிருப்பாரு."

டீக்கடைக்காரருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அந்த அவமானத்திலும் இதைக் கவனித்தேன்.

பொறியாளர் நல்ல மனிதர். என் முகத்தைப் பார்த்து அவருக்கே கஷ்டமாகிவிட்டது. தணிந்த குரலில் சொன்னார்: "சார், எங்க ரேட் புக்குல ரெண்டும் தனித்தனி ஐட்டம். டெமாலிஷ்னா உடைச்சு அள்ளறது. டிஸ்மேண்டில்னா சேதமில்லாம கழட்டி, அடுக்கி, உரியவங்ககிட்ட ஒப்படைக்கறது. நீங்க ரெண்டாவதை எழுதியிருந்தா ஆர்டரும் அப்படியே வந்திருக்கும்."

"இப்பவே மாத்தி எழுதிக் குடுத்துடறேன்."

"குடுங்க. மேலே போய்க் கையெழுத்தாகி வர ஒரு மாசம் ஆகும். கால்வாய் வேலை நாளைக்குக் காலைல ஆரம்பிக்குது. பைப்பெல்லாம் வந்து இறங்கிடுச்சு."

இதற்குள் யாரோ ஓடிப்போய் மல்லிகாவை அழைத்து வந்துவிட்டார்கள். அந்த ஷெட்டைச் செய்தவர் அவர். இரண்டு தெரு தள்ளி ஃபேப்ரிகேஷன் பட்டறை வைத்திருக்கிறார். கணவர் வெல்டர் வேலைக்கு வெளிநாடு போனபிறகு கேட், கிரில், ஷெட் எல்லாம் இவர் கைதான். நாற்பதைத் தாண்டியவர். வெல்டிங் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டபடியே வந்து நின்றார். எல்லாவற்றையும் கேட்டார். என்னைத் திட்டவில்லை. அதற்கு நேரமில்லை என்பது போல ஒரு பார்வை, அவ்வளவுதான்.

"சார், ஒண்ணு கேக்கறேன்" என்றார் பொறியாளரிடம். "ஒங்களுக்கு இரும்பு வேணுமா, எடம் வேணுமா?"

"எடம்தாம்மா."

"எப்போ வேணும்?"

பொறியாளர் வாட்சைப் பார்த்தார். ஜேசிபியைப் பார்த்தார். "மணலி சைட்டுக்குப் போகணும் நான். நாலு மணிக்குத் திரும்பி வருவேன். அப்போ எது நிக்குதோ அதை இடிச்சுடுவேன். கீழே கெடக்கறதைப் பத்தி எனக்குத் தெரியாது."

ஜீப் கிளம்பியது. மணி பத்தேகால்.

ஐந்தே முக்கால் மணி நேரம். அதற்குள் படுத்துவிட்டது பிழைக்கும். நின்றுகொண்டிருப்பது போகும்.

மல்லிகா ஸ்பேனரை எடுப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் எடுத்தது ஒரு சின்ன வெள்ளை பெயின்ட் டப்பாவும் ஒரு பிரஷ்ஷும்.

ஏணி போட்டு ஏறினார். இரண்டு இரும்பு சேரும் இடத்தில் இந்தப் பக்கம் ஒரு '1', அந்தப் பக்கம் ஒரு '1'. அடுத்த மூட்டுக்குப் போனார். இந்தப் பக்கம் '2', அந்தப் பக்கம் '2'. எது எந்தப் பக்கம் பார்த்து இருக்க வேண்டும் என்பதற்கு ஒரு சின்ன அம்புக்குறி. பட்டறையிலிருந்து வந்த இரண்டு ஆட்கள் ஸ்பேனரோடு சும்மா நின்றார்கள். பத்தரை ஆனது. பத்தே முக்கால் ஆனது. ஒரு போல்ட் கூடக் கழலவில்லை.

"மல்லிகா... நேரம் போகுதும்மா" என்றேன்.

"போவட்டும் சார்."

தேசம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "அடியே, கோலம் போட்டுக்கினு கீறியா நீ? அந்த ஆளு நாலு மணிக்கு வந்துருவாரு!"

மல்லிகா ஏணியிலிருந்து திரும்பவில்லை. "யக்கா, நம்பர் போடாம கழட்டினா அது வெறும் இரும்பு. நம்பர் போட்டுக் கழட்டினா அது ஷெட்டு. படுத்துக்கினு கீற ஷெட்டு."

அதற்குப் பிறகு யாரும் அவசரப்படுத்தவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து என் பக்கம் திரும்பினார். "சார், ஓட்டையெல்லாம் கையில போட்டது. ஒண்ணு ஒரு நூல் இப்டி இருக்கும், ஒண்ணு ஒரு நூல் அப்டி இருக்கும். அதுஅதுக்கு அதுஅதுதான் ஜோடி. மாத்தி வெச்சா போல்ட்டு எறங்காது. பேஜாராயிடும். நீ சும்மா நிக்காத. ஒரு நோட்டு எடுத்துக்கினு வா. நான் சொல்றத எழுதிக்க."

"சரிம்மா."

"இங்கிலீஷ் வேணாம்."

வீட்டுக்கு ஓடினேன். அறுபத்து மூன்று வயதில் ஓடுவது என்றால் என்னவோ அது. நாற்பது பக்க நோட்டு ஒன்று எடுத்து வந்து, ஒரு ஐஸ் பெட்டியின் மேல் உட்கார்ந்து எழுதினேன். ஒன்று: ரோடு பக்கம், முதல் தூண், ட்ரஸ்ஸின் இடது கால். இரண்டு: அதே ட்ரஸ், வலது கால். மூன்று... நாற்பத்தாறு எண்கள். வாழ்நாளில் ஆயிரக்கணக்கான வரிகள் குறித்துவைத்திருக்கிறேன். யாருக்காவது நாளைக்கு வேண்டியிருக்கும் என்று உறுதியாகத் தெரிந்து எழுதியது இவற்றைத்தான்.

பதினொன்று ஐந்துக்கு முதல் போல்ட் கழன்றது.

அப்புறம் நடந்த வேகம் வேறு. கடல் உப்புக்குத் தகரத்தின் கொக்கிகள் துருப்பிடித்து இறுகியிருந்தன. டீக்கடையிலிருந்து ஒயர் இழுத்து, கிரைண்டரால் ஒவ்வொன்றாக அறுத்தார்கள். தகரத்தைப் பெண்கள் கைமாற்றிக் கைமாற்றி இறக்கினார்கள். எதிரே கன்டெய்னர் லாரிகள் வரிசையில் நின்றிருந்தன. அந்த டிரைவர்களில் இரண்டு பேர் கேட்காமலே இறங்கி வந்து கை கொடுத்தார்கள். ஒன்று பத்துக்குக் கூரை முழுவதும் தரையில். இரண்டரைக்குக் குறுக்குச் சட்டங்கள். ட்ரஸ்தான் பயம். கயிறு கட்டி, இரண்டு பக்கமும் பெண்கள் பிடித்துக்கொள்ள, மல்லிகா "வுடு... வுடு... புடி!" என்று சொல்லச் சொல்ல ஒவ்வொன்றாக இறங்கின.

நடுவில் தண்ணீர் குடிக்க வந்தபோது கேட்டேன்: "எல்லாத்தையும் போல்ட்டுலயே சேர்த்திருக்கியேம்மா. வெல்டு வெச்சா சீக்கிரம் முடிஞ்சிருக்குமே?"

"அப்பவும் எல்லாரும் அதான் சொன்னாங்கோ. இந்த ஊர்ல எது சார் ஒரே எடத்துல இருந்துச்சு? வெல்டு வெச்சா அறுக்கணும். போல்ட்டு போட்டா கழட்டலாம்."

மூன்றே முக்காலுக்கு நான்கு தூண்கள் படுத்துவிட்டன.

இரண்டு தூண்கள் படுக்கவில்லை.

கடல் பக்கத்து ஓரத் தூண்கள் அவை. ஒரு மழைக்காலத்தில் காற்றுக்கு ஆடுகின்றன என்று பெண்களே ஆள் வைத்து, மேடையோடு சேர்த்து அவற்றின் காலைக் கான்கிரீட்டில் புதைத்திருந்தார்கள். மல்லிகா வேண்டாம் என்று சொன்னாராம். கேட்கவில்லையாம். கடப்பாரையால் குத்திப் பார்த்தார்கள். பொறிதான் பறந்தது.

நான்கு ஐந்துக்கு ஜீப் வந்தது.

பொறியாளர் இறங்கி, அடுக்கிவைத்திருந்த தகரத்தையும் சட்டங்களையும் பார்த்தார். ஒவ்வொரு நுனியிலும் வெள்ளை எண்கள். பிறகு தூண்களைப் பார்த்தார்.

"ரெண்டு நிக்குதே."

"கால காங்கிரீட்டுல பொதைச்சிட்டாங்க சார்" என்றார் மல்லிகா. "கழட்ட வராது."

"காலைல சொன்னதுதாம்மா. நான் போட்டோ எடுத்து அனுப்பணும்."

தேசம்மா போய் ஒரு தூணின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். கத்தவில்லை. அவர் கத்தாதது எனக்குப் பயமாக இருந்தது. ஆறு கால் ஷெட்டுக்கு நாலு கால் போதுமா? ட்ரஸ் மூன்று, ஒவ்வொன்றுக்கும் இரண்டு கால் வேண்டும். இரண்டு போனால் மூன்றில் ஒரு பங்கு நிழல் போகும். பதினோரு பேரில் எந்த நான்கு பேரை வெயிலில் உட்காரச் சொல்வது?

அப்போதுதான் ஜேசிபி டிரைவர் பேசினார். காலையிலிருந்து வண்டி நிழலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த மனிதர். அவர் பேர்கூட எனக்குத் தெரியாது.

"சார், மேடையும் இடிக்கணும்ல?"

"ஆமா."

"அதுலருந்து ஆரம்பிக்கட்டுமா?"

பொறியாளர் அவரைப் பார்த்தார். "எதுலருந்து ஆரம்பிக்கறதுன்னு நான் சொல்ல மாட்டேன்பா. அது உன் வேலை." சொல்லிவிட்டு எதிர்ப்பக்கம் டீக்கடைக்குப் போய், எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார். ஒரு மனிதர் ஒரு டீயை அவ்வளவு மெதுவாகக் குடித்து நான் பார்த்ததில்லை.

ஜேசிபி மேடையின் ஓரத்திலிருந்து கடித்துக்கொண்டே வந்தது. தூண் கிட்டே வந்ததும் டிரைவர் வேகத்தைக் குறைத்தார். கான்கிரீட்டைச் சுற்றிச் சுற்றித் தட்டினார், முட்டை ஓட்டைத் தட்டுவது போல. விரிசல் விட்டது. மல்லிகா கயிறு மாட்டினார். பதினோரு பேரும் இழுத்தார்கள். காலில் ஒட்டிய கான்கிரீட்டோடு முதல் தூண் சாய்ந்தது. ஒரு கீறல் இல்லை.

இரண்டாவதில் பக்கெட் ஒரு சாண் வழுக்கிவிட்டது. தூணின் அடிப்பாகத்தில் 'ணங்' என்று ஒரு சத்தம். பதினோரு வாயிலிருந்தும் ஒரே மூச்சில் "ஐயோ" வந்தது.

மல்லிகா குனிந்து, கையால் தடவிப் பார்த்தார். "பாதம்தான் மடங்கிக்கீது. அறுத்துட்டு வேற பாதம் வெச்சிக்கலாம்." டிரைவர் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரிடம் கையைக் காட்டி, "ஒண்ணியும் இல்லண்ணே, நீ பாட்டுக்கு இடி" என்றார்.

நான்கு ஐம்பதுக்கு எல்லாம் முடிந்தது. மேடை போய்விட்டது. அந்தப் பெண்கள் தாங்களே மண் கொட்டி, தாங்களே பூசிய மேடை. அதை எண் போட்டு எடுத்துப்போக முடியாது. தேசம்மா உடைந்த சிமென்ட் துண்டு ஒன்றைக் காலால் புரட்டிப் பார்த்தார். பிறகு கூடையை எடுத்துக்கொண்டு நகர்ந்தார்.

பொறியாளர் திரும்பி வந்து போட்டோ எடுத்தார். அளவுப் புத்தகத்தில் ஏதோ எழுதினார். எட்டிப் பார்த்தேன். கெட்ட பழக்கம்தான். 'சைட் கிளியர்டு' என்று இருந்தது. எவ்வளவு சாமர்த்தியமான சொல்! அந்த இடத்தில் இடித்தார்களா, பிரித்தார்களா, அது தானாகவே எழுந்து நடந்து போய்விட்டதா... எதையும் அது காட்டிக்கொடுக்காது.

மறுநாள் காலையில் காபியோடு இரண்டு ஆங்கில அகராதிகளையும் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். செய்த தப்பின் நீள அகலத்தையாவது அளந்துவிடலாம் என்றுதான்.

ஒரு விஷயம் பிடிபட்டது. அழிப்பதற்கான ஆங்கிலச் சொற்களை ஒன்றுக்கொன்று மாற்றிப் போடுகிறோமே, அவற்றைப் பிரித்துப் பார்க்க எளிய வழி ஒன்று இருக்கிறது. வேலை முடிந்தபிறகு என்ன மிஞ்சுகிறது என்று கேட்டால் போதும். டெமாலிஷ் செய்தால் இடிபாடு மிஞ்சும். ரேஸ் செய்தால் — ஓட்டப் பந்தயம் இல்லை, தரைமட்டமாக்குவது — வெறும் தரை. ரெக் என்றால் அடையாளம் தெரிகிற, ஆனால் உதவாத ஏதோ ஒன்று. ஸ்கிராப் செய்தால் எடை மட்டும். கண்டெம் செய்தால் பொருள் அப்படியே நிற்கும்; போனது அதன் மேல் இருந்த நம்பிக்கை. எங்கள் பக்கத்துத் தொழிற்சாலைகளில் 'வண்டி கண்டம் ஆயிடுச்சு' என்பார்கள். வண்டி வெளியே நின்றுகொண்டுதான் இருக்கும். டிஸ்மேண்டில் செய்தால் — எல்லாமே மிஞ்சும். உருவம் மட்டும் கொஞ்ச நாளைக்கு லீவில் போயிருக்கும்.

ஆக்குகிற சொற்கள் பாடு இன்னும் வேடிக்கை. நான் படித்த காலத்தில் 'கிரியேட்' என்ற வேலையைச் செய்ய ஒருவருக்குத்தான் உரிமை இருந்தது: கடவுளுக்கு. ஒன்றுமில்லாததிலிருந்து ஒன்றை உண்டாக்குவது அது. இன்றைக்கு? எங்கள் தெரு தையல்கடை 'கிரியேஷன்ஸ்'. பக்கத்து வீட்டுப் பெண் தினம் ஒரு பாஸ்வேர்டு கிரியேட் செய்து தினம் மறக்கிறாள். பஸ்ஸில் கண்டக்டர், "சீன் கிரியேட் பண்ணாதய்யா" என்கிறார். 'மேக்' என்ற எளிய சொல்லும், துண்டுகளைச் சேர்க்கும் 'அசெம்பிள்' என்ற அடக்கமான சொல்லும் ஓரமாக நிற்கின்றன. நாமெல்லாம் பெரும்பாலும் செய்வது அந்த இரண்டைத்தான். ஆனால் விளம்பரப் பலகையில் எழுத நன்றாக இருப்பதில்லை.

ஆக்குபவருக்கு மேடை கிடைக்கிறது. இடிப்பவருக்குக் கூட்டம் கூடுகிறது. ஜேசிபி நின்றால் நாற்பது பேர் வேடிக்கை பார்க்கிறார்களே! பிரிப்பவருக்கு இரண்டும் இல்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள்... இடிக்க, பொருளின் பலவீனம் தெரிந்தால் போதும். பிரிக்க, அதை எப்படிச் செய்தார்கள் என்று முழுசாகத் தெரிந்திருக்க வேண்டும். எது யாருடைய ஜோடி என்று தெரிந்திருக்க வேண்டும். மறுபடி சேர்க்கப் போகிறோம் என்ற எண்ணம், முதல் போல்ட்டைக் கழற்றும் முன்பே வேண்டும்.

எனக்கு இந்த வேலைகளுக்கு ஆங்கிலத்தில் ஒரு இருபது சொற்களாவது தெரியும். தேசம்மாவுக்குத் தமிழில் ஒன்று தெரிந்திருந்தது. தேவைப்பட்டதும் அந்த ஒன்றுதான்.

சரோஜாவிடம் இதைச் சொன்னேன். "அதைத்தான் அன்னைக்கே சொன்னேன்" என்றாள். எந்தத் தேதி என்று கேட்கவில்லை. எனக்கே தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை எதிர்ப்பக்கத்துக் காலி இடத்தில் ஷெட் எழுந்தது.

காலை ஏழு மணிக்கே நோட்டோடு போய்விட்டேன். என்னை யாரும் கூப்பிடவில்லை. போகாமல் இருக்கவும் முடியவில்லை. தேசம்மா ஏற இறங்கப் பார்த்தார். "வந்துட்டியா நைனா? ஒக்காரு. எதுவும் எழுதிடாத. படிச்சி மட்டும் சொல்லு." பத்துப் பேரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்காக ஐந்து நாட்கள் காத்திருந்தேன் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

நான் எண்ணை வாசிக்க வாசிக்க, மல்லிகாவின் ஆட்கள் தேடி எடுத்து ஏற்றினார்கள். ஒன்றோடு ஒன்று, இரண்டோடு இரண்டு. போல்ட்கள் விரலால் தள்ளினாலே இறங்கின. மடங்கிய தூணுக்கு மல்லிகா புதுப் பாதம் வைத்துக் கொண்டுவந்திருந்தார். இந்தத் தடவை எந்தக் காலையும் கான்கிரீட்டில் புதைக்கவில்லை. கீழே தகடு வைத்து, அதிலும் போல்ட்தான்.

கடைசியில் ஒரு குறுக்குச் சட்டம் மிஞ்சியது. எண் இல்லை, ஒரு நுனியில் அம்பு மட்டும் மங்கலாகத் தெரிந்தது. அன்றைக்குத் தூக்கியவர்களின் வியர்வையில் பெயின்ட் அழிந்திருக்க வேண்டும். காலியாக இருந்ததோ ஒரே இடம். ஆனால் சட்டத்தை இப்படி வைத்தால் ஓட்டை ஒரு நூல் தள்ளி நின்றது. ஒருவர், "பெரிசா ஓட்டை போட்டுடலாம்கா" என்று டிரில்லை எடுத்தார்.

நோட்டைப் புரட்டினேன். "பத்தொன்பது. கடல் பக்கம், நடு ட்ரஸ். இடது நுனியில் அம்பு, கிழக்கே பார்த்து."

திருப்பி வைத்தார்கள். போல்ட் இறங்கியது.

மல்லிகா தலையை மட்டும் ஒரு தடவை ஆட்டினார். என்னைப் பொறுத்தவரை அது போதும்.

பதினொன்று நாற்பதுக்குக் கடைசித் தகரம் ஏறியது. தேசம்மா நிழல் எங்கே விழுகிறது என்று நடந்து பார்த்து, நல்ல இடமாகத் தன் கூடையை வைத்தார். மேடை இல்லை, இப்போதைக்குத் தார்ப்பாய்தான். மேடை மெல்ல வரும்.

நான் தள்ளி நின்று பார்த்தேன். எல்லாம் அழகாக இருந்தது. தூணுக்குத் தூண், மூட்டுக்கு மூட்டு, அந்த வெள்ளை எண்கள்தான் உறுத்தின. ஏதோ மருத்துவமனைப் படுக்கை போல.

"மல்லிகா, இந்த நம்பரெல்லாம் பார்க்க நல்லா இல்லையே. மேலே ஒரு கோட் பெயின்ட் அடிச்சு மறைச்சுடலாமா?"

அவர் ஏணியை நடு ட்ரஸ்ஸுக்கு நகர்த்தினார். ஏறினார். பிரஷ்ஷை டப்பாவில் தோய்த்து, எண் அழிந்துபோயிருந்த சட்டத்தின் நுனியில் புதிதாக, நிதானமாக, '19' என்று எழுதினார்.

"இந்தப் பக்கமும் ஒரு நாள் ரோடு வரும் சார்."